குழந்தையைக் கடித்த நாய்: வைத்துக்கொள்வதா, வேறிடம் கொடுப்பதா, ஊசி போடுவதா?

தெற்குவாசல்:

வணக்கம். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக நிற்பதால், ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்க முடியாமல் இருக்கிறோம். நாய் வளர்த்தவர்களும், நாய்க்கடி பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களும் இங்கே இருப்பதால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் செங்காங்கில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஐந்தறை அடுக்குமாடி வீடு. அப்பா, அம்மா, மனைவி, நான், கோப்பி என்ற ஏழு வயது ஆண் நாய். கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க விடும் அடோர் திட்டத்தின்கீழ் ஒரு விலங்குநல அமைப்பிடமிருந்து தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். கருத்தடை, மைக்ரோசிப், உரிமம் எல்லாம் முறையாக உள்ளன. உரிமம் என் பெயரில் இருந்தாலும் அது அப்பாவின் நாய். துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், காலையும் மாலையும் அதைக் கூட்டிக்கொண்டு பூங்காப் பக்கம் போய் வருவதை வைத்தே அவருடைய பொழுது ஓடுகிறது.

பொங்கோலில் இருக்கும் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களின் ஐந்து வயது மகள் பாலர் பள்ளி முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, இரவு ஏழு மணிவரை அம்மாவின் பொறுப்பில் இருப்பாள். சென்ற மாதம் ஒரு மாலை, அம்மா அடுப்படியிலும் அப்பா குளியலறையிலும் இருந்தபோது, அவளுடைய வண்ணப் பென்சில் உருண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போயிருக்கிறது. அங்கே படுத்திருந்த கோப்பியின் பக்கத்தில் தவழ்ந்து போனவள், பென்சிலை எடுத்துக்கொண்டு, அதன் முகத்தை இரண்டு கைகளாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டதாக அவளே பிறகு சொன்னாள். இடது கன்னத்தில் இரண்டு பல் தடங்கள், ஒரு கிழிசல். கிழிசலுக்குத் தையல் போட்டார்கள். காயம் ஆறி வருகிறது. தழும்பு நிற்குமா என்பதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவள் அதை ஒட்டி உட்கார்ந்தபோது கோப்பி உறுமியது. அப்பா செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். அதன்பின் அது உறுமியதே இல்லை.

நாயைக் கருணைக்கொலை ஊசி போட்டு முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மகளை இனி அனுப்பமாட்டேன் என்கிறார் அண்ணன். நாய் வெளியே போனால் தானும் போவேன் என்கிறார் அப்பா. கடித்த பிறகு அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் கிடந்ததே, அது வருந்துவதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்பது அவருடைய வாதம். மலேசியாவில், ஜோகூரில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார் அம்மா. என் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவள் அதிகம் பேசவில்லை. பிறக்கப்போகும் குழந்தையை எந்த வீட்டுக்குக் கொண்டுவருவது என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

எதை வைத்து முடிவு செய்வது என்று சொல்லுங்கள்.

நெறியாளர்:

குடும்பத்தினர் எவரையும் குறைகூறாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பனைநிழல்:

ஓய்வுபெற்ற மருத்துவன் என்ற முறையில் காயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாய்க்கடிக்கு முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. நாயின் வாயிலிருக்கும் கிருமிகள் கைக்காயத்தில் எளிதாகச் சீழ் பிடிக்கவைக்கும் என்பதால் கையில் பட்ட கடியைப் பெரும்பாலும் தைக்காமல் திறந்தே விடுவார்கள். முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் கவலைக்குரியது; ஆகவே நன்றாகக் கழுவிவிட்டுத் தைப்பார்கள். சிவப்போ வீக்கமோ கூடினாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

ரேபிஸ் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும், ஊரிலிருந்து பெரியம்மாக்கள் தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டிருப்பார்கள். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. இங்கேயே பிறந்து வளர்ந்த நாய் என்றால் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் அந்த நிம்மதியைத் தமிழ்நாட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போது உடன் எடுத்துப்போகாதீர்கள். அங்கே தெருநாய் கீறினால்கூட அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தலைமுறை அஞ்சிய பழைய மருந்தை இந்தியா 2004-இலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது கையில் சில ஊசிகள் போடுகிறார்கள்.

தேக்கா_மாமா:

தம்பி, நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் அல்ல. ஒருமுறை இரத்த ருசி கண்ட நாய் மறுபடியும் கடிக்கும். பைரவர் வாகனம், பாவம் என்றெல்லாம் சொல்வார்கள். பிள்ளையின் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பல் இறங்கியிருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் இப்படி உட்கார்ந்து கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஊசி போட்டுவிடுங்கள்.

வெண்மணல்:

பல ஆண்டுகள் விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள் நான். தேக்கா மாமா கண்ணைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இரத்த ருசி என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நாய்க்கு அப்படி ஒரு மாற்றம் நிகழ்வதில்லை. கடித்த நாய் மறுபடியும் கடிக்கக்கூடும் என்பது உண்மை. முதல் கடிக்குக் காரணமாக இருந்த நிலைமை மாறாமல் இருப்பதாலும், கடித்ததும் தனக்கு வேண்டாதது விலகிப்போனதை நாய் கற்றுக்கொள்வதாலும் அது நடக்கிறது.

முதலில் கடியின் அளவைப் பார்க்க வேண்டும். இயன் டன்பார் என்ற விலங்கு மருத்துவர் வகுத்த ஆறு நிலை அளவுகோலைத்தான் பயிற்றுநர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள். பல் தோலில் படாமல் பாய்வது முதல் நிலை; பட்டும் துளைக்காதது இரண்டாம் நிலை. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள் விழுந்து, அவற்றில் எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமாகாதது மூன்றாம் நிலை. துளை அதைவிட ஆழமாக இறங்கினாலோ, பிடித்துக்கொண்டு உதறியிருந்தாலோ நான்காம் நிலை. பலமுறை அப்படிக் கடித்தால் ஐந்து. உயிர் போனால் ஆறு. மூன்றாம் நிலை நாயோடு, வீட்டார் கட்டுப்பாடாக இருந்தால், வேலை செய்ய முடியும் என்பதும், நான்கிலிருந்து நம்பிக்கை வேகமாகக் குறைகிறது என்பதும் அவருடைய கருத்து. நீங்கள் எழுதியதை வைத்து, கோப்பியின் கடி மூன்றாம் நிலை போலத் தெரிகிறது. அந்தக் கிழிசல் பிள்ளை பின்னால் இழுத்ததால் விழுந்ததா, நாய் உதறியதால் விழுந்ததா என்பதைத் தைத்த மருத்துவரிடமே கேளுங்கள். முடிவில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

அடுத்தது உறுமல். நாய் கடிக்குமுன் நமக்குப் பல வகையில் சொல்லிப் பார்க்கிறது: கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தைத் திருப்பும், எழுந்து போகும், உடம்பை விறைக்கும், உறுமும். இவற்றில் மனிதர் காதில் விழுவது உறுமல் ஒன்றுதான். அதற்கு அடி விழுந்தால், நாய்க்குப் பிள்ளைமேல் இருந்த எரிச்சல் போய்விடாது. எச்சரிக்கை மட்டும் போய்விடும். எச்சரிக்காமல் கடித்தது என்று பலர் சொல்லும் நாய்கள் இப்படி வாயடைக்கப்பட்டவையாகவே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் தலை தொங்கப் போட்டதை வருத்தம் என்று கொள்ள வேண்டாம். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் நாய்களைச் சோதித்தபோது, தப்புச் செய்த நாயைவிடத் திட்டு வாங்கிய நாயே அந்த முகத்தைக் காட்டியது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய நாயும் காட்டியது. கோப்பி பார்த்தது கூச்சலையும் ஓட்டத்தையும்தான்.

இந்த வாரமே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோய், காது, பல், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு வயது நாய் திடீரென்று தொடுவதை வெறுத்தால், முதலில் தேட வேண்டியது வலியை. போகும்போது குழந்தையைக் கடித்தது என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மழைக்கால்:

நான் மறுபக்கத்தில் நின்றவள். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு நாய் என் மகளின் உதட்டைக் கடித்தது. அந்த வீட்டில் அடுத்த சில வாரங்கள் நடந்த பேச்செல்லாம் நாயைப் பற்றியே இருந்தது: அதற்கு என்ன மனநிலை, அது சாப்பிடுகிறதா, அதை எங்கே அனுப்புவது, யார் அழுதார்கள். என் மகள் இரவில் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இந்த இழையையும் மேலிருந்து படித்துப் பாருங்கள். மருத்துவர் ஒருவர் காயத்தைப் பற்றிப் பேசியதைத் தவிர, பிள்ளை அந்தப் பென்சிலோடு மேசைக்கு அடியிலேயே இருக்கிறாள்.

உங்கள் அண்ணன் கேட்பது நாயின் உயிரையா, தன் மகளின் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள் என்ற உறுதியையா என்று யோசியுங்கள். எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவதுதான். அது கிடைக்காததால் முதலாவதைக் கேட்டேன். உங்கள் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறிப்பிடக்கூட இல்லை. பட்டியலில் அவர் பெயரே வரவில்லை. அவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். போகும்போது நாய்க்கு வலி இருந்திருக்கலாம் என்று தொடங்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை கட்டிப்பிடித்ததால்தான் கடித்தது என்ற பேச்சு அவள் காதில் விழக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கப் பெரியவர் ஒருவர் அறையில் இருந்திருக்க வேண்டும் என்பதே நடந்ததன் சாரம்.

தேக்கா_மாமா:

மழைக்கால் அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

அகல்விளக்கு:

கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். வேறிடம் கொடுப்பது என்ற பேச்சைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்ற இரண்டு வழிகளும் கசப்பாக இருப்பதால் எல்லாக் குடும்பங்களும் இதன்மேல்தான் வந்து சாய்கின்றன.

ஜோகூர்த் தோட்டம் என்ற யோசனையை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் அம்மா நல்ல மனத்தோடு சொல்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் அந்தத் தோட்டத்துக்கும் வேலையாட்களின் பிள்ளைகள் வருவார்கள். ஏழு ஆண்டுகள் மின்விசிறிக்கு அடியில் தூங்கிய நாயைச் சங்கிலியில் கட்டினால், பயமும் கோபமும் கூடும். நாயை எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு அனுமதியும் மருத்துவச் சான்றும் வேண்டும். இங்கேயே எங்காவது தொழிற்பேட்டையில் விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது காதில் போட்டால், விலங்கைக் கைவிடுவதற்கு முதல் குற்றத்திலேயே 10,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) அபராதமும் 12 மாதம்வரை சிறையும் உண்டு என்பதைச் சொல்லுங்கள். மைக்ரோசிப்பை வருடிப் பார்த்தால் உங்கள் பெயர்தான் வரும்.

முறையான வழி, தத்துக் கொடுத்த அமைப்பை முதலில் அழைப்பது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்பது தத்தெடுப்பு ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. மேலும், வீவக வீட்டில் ஒரு நாய்தான் வைக்கலாம். அனுமதிக்கப்பட்ட 62 இனங்களில் கோப்பி போன்ற உள்ளூர்க் கலப்பின நாய் வராது. இந்த நாய்களுக்கு இருக்கும் கதவு 2012-இல் தொடங்கிய அடோர் திட்டம் மட்டும்தான்; அதற்கும் தோள்வரை 55 சென்டிமீட்டர் என்ற உயர வரம்பு உண்டு. அதனால் நண்பர் ஒருவரின் வீவக வீட்டில் சும்மா கொண்டுபோய் விட முடியாது. அவருக்கு 4,000 வெள்ளிவரை அபராதம் விழக்கூடும்.

இனி உண்மையைச் சொல்கிறேன். குழந்தையைக் கடித்த, ஏழு வயதான, நடுத்தர அளவுக் கலப்பின நாயைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் இல்லாத, பேரப்பிள்ளைகளும் வந்து போகாத, நாயை அறிந்த பெரியவர்களின் வீடு வேண்டும். கிடைப்பதுண்டு, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. கடித்ததை மறைத்தால் ஒரு வாரத்தில் வீடு கிடைக்கும், நானே கண்டிருக்கிறேன். அடுத்த பிள்ளையின் முகத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அந்த வீட்டார் பதில் சொல்லவில்லை.

ஊசி போடுவதைக் கொலை என்று பேசும் தொண்டூழியர்கள் எங்களில் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. எங்கேயும் பாதுகாப்பாக வைக்க முடியாத நாயை ஆண்டுக்கணக்கில் கூண்டில் அடைத்து வைத்துவிட்டு, உயிரைக் காப்பாற்றினோம் என்று நிழற்படம் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோபம் தணிவதற்காக ஊசி போடுவதும் சரியல்ல. அதைப் பின்னால் ஒரு நாள் அந்தப் பிள்ளைதான் சுமப்பாள்.

தேக்கா_மாமா:

நான் கேட்பது வேறு. பிள்ளை ஏன் செங்காங்குக்கு வர வேண்டும்? பொங்கோல் ரயிலில் ஒரே நிறுத்தம். பாட்டி பிற்பகலில் மகன் வீட்டுக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துக்கொண்டு, இரவு ஏழரைக்குத் திரும்பலாமே. நாயும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தானே இந்த வழக்கு? ஊசி போடச் சொன்னவன் நான்தான். இப்போதும் அதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் முடிவெடுக்கும்வரை ஒவ்வொரு மாலையும் சூதாட வேண்டாம்.

தெற்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. தேக்கா மாமா, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாலும் உங்கள் யோசனையைக் கேட்டதும், இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்றார். இந்த வாரம் முதல் போய் வருகிறார். மனைவியும் நானும் அண்ணியைப் பார்க்கப் போனோம். அண்ணி பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. மழைக்கால் சொன்னது சரி என்பது மட்டும் போதும். கிழிசலைப் பற்றித் தைத்த மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அண்ணனிடமே வேண்டிக்கொண்டோம். இழுத்ததால் விழுந்தது போலத்தான் இருக்கிறது, உதறிய அடையாளம் இல்லை என்று மருத்துவர் சொன்னதாக அவரே அழைத்துச் சொன்னார்.

கோப்பியை மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்தார்கள். மேல்தாடையின் இடதுபக்கப் பெரிய கடைவாய்ப்பல் செதிலாகப் பிளந்து, வேர்வரை சீழ் வைத்திருக்கிறது. எலும்பு கடித்துப் பிளந்திருக்கலாம் என்றார்கள். அது வழக்கம்போலச் சாப்பிட்டதால் யாருக்கும் தெரியவில்லை; மென்றதெல்லாம் வலதுபக்கத்தில் என்று அப்பா இப்போது நினைவுபடுத்திச் சொல்கிறார். பிள்ளை கட்டிக்கொண்டபோது அவளுடைய கை அழுத்தியது அந்தக் கன்னத்தைத்தான். பல்லைப் பிடுங்கியாயிற்று.

இப்போது அப்பா, வழக்கில் விடுதலை கிடைத்தது போலப் பேசுகிறார். பல் போய்விட்டது, பிரச்சினையும் போய்விட்டது என்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

வெண்மணல்:

கூடாது. பல்வலி கடிக்கான காரணத்தைச் சொல்கிறது. இனிமேல் கடிக்காது என்று சொல்லவில்லை. முகத்தருகே பிள்ளை வந்தால் வலிக்கும் என்று கோப்பி கற்றுக்கொண்டது, பல்லோடு சேர்ந்து பிடுங்கப்படவில்லை. பிள்ளை கிட்டே வரும்போது நல்லது நடக்கிறது என்று அதற்கு மறுபடி கற்றுத்தரலாம். அதற்கு, அடித்துப் பழக்காத, பரிசு கொடுத்துப் பழக்கும் பயிற்றுநர் வேண்டும். தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். ஃப்ளூவாக்செட்டின் போன்றவை வேலை செய்யவே நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். முதுகைப் பிடித்து அழுத்தி யார் தலைவன் என்று காட்டுவேன் என்று சொல்லும் பயிற்றுநர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் பார்ப்பது நாயின் குணத்தை அல்ல. எல்லோரும் கவனமாக இருக்கும் நேரத்தில் வீட்டு நாய் கடிப்பது அரிது. அழைப்பு மணி அடித்து, அடுப்பில் பால் பொங்கி, ஒருவர் குளியலறையில் இருக்கும் அந்த ஐந்து நிமிடம் உங்கள் வீட்டில் எப்படி இருக்கும்? குழந்தை பிறந்த வீட்டில் நாள் முழுக்க அந்த ஐந்து நிமிடங்கள்தான். ஐந்தறை வீட்டில் தடுப்புக் கதவு போடலாம். அதைத் திறந்தவர் ஒவ்வொரு முறையும் மூடுவாரா? உங்கள் அப்பா, பாவம், கோப்பி முனகினால் திறந்துவிட மாட்டாரா? இதற்கு உறுதியாக ஆம் என்று சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தவழும் குழந்தை தரையோடு தரையாக, நாயின் முக உயரத்தில், அதன் சாப்பாட்டுத் தட்டை நோக்கி வரும். ஏறத்தாழ எட்டு மாதத்தில் அது நடக்கும்.

ஊசி என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுத்தால், அது எப்படி நடக்கிறது என்பதையும் அப்பா அறிந்திருக்க வேண்டும். முதலில் மயக்கம் கொடுப்பார்கள். நாய் தூங்கியபின் பென்டோபார்பிட்டல் என்ற மருந்தை இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். வீட்டார் பக்கத்தில் இருக்கலாம். அழைத்துப்போன நாயைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றவர்களைவிட, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களே பின்னால் தெளிவாக இருந்தார்கள் என்பது நான் கண்டது.

மழைக்கால்:

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. பேத்தியிடம் போய் நாய்க்குப் பல்வலி, அதனால்தான் என்று சொல்லி மன்னிப்பு வாங்க முயலாமல் இருக்க வேண்டும். அவள் மன்னிக்கட்டும், மன்னிக்காமல் இருக்கட்டும். கோப்பியை என்ன செய்யலாம் என்று அவளிடம் யாரும் கேட்கவும் கூடாது. என் மகளிடம் கேட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றாள், எல்லோரும் மகிழ்ந்தார்கள், அந்த வீட்டுக்குப் போகும் நாளெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பெரியவர்கள் முடிவு செய்துவிட்டு, இதில் உன் பொறுப்பு எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்வதே முறை.

பனைநிழல்:

தழும்பைப் பற்றி: தையல் பிரித்தபின் சில மாதங்கள் அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் புதிய தழும்பு கறுத்துப்போகும். சிறுவயதுத் தழும்பின் இறுதி வடிவம் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால், இப்போதே அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

தெற்குவாசல்:

வெண்மணல் கேட்ட கேள்வியை அப்படியே அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். அப்பா இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, கோப்பியோடு வெளியே கிளம்பும்போது, கதவைத் திறந்துவிடத்தான் செய்வேன், எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் முடிவு அந்த இடத்தில்தான் ஆனது.

அன்று இரவு அண்ணன், அண்ணி, நாங்கள் எல்லோரும் பொங்கோலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது இது. குழந்தை பிறந்து தவழத் தொடங்குமுன் கோப்பி எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். அதுவரை பேத்தி இந்த வீட்டுக்கு வரமாட்டாள். அம்மா போய் வருவார். வேறு பிள்ளைகள் வந்தால் கோப்பி அப்பாவின் அறையில், கதவு தாழிட்டு இருக்கும். வெளியே போகும்போது எப்போதும் வாரில்தான், மின்தூக்கியிலும் நடைபாதையிலும் கூடை வடிவ வாய்ப்பூட்டோடு. தத்துக் கொடுத்த அமைப்பிடம் நடந்ததைச் சொல்லிவிட்டோம். அவர்கள் வழியாகவே வீடு தேடுவார்கள், பயிற்றுநரையும் அவர்களே சொன்னார்கள். அந்த நாளுக்குள் தகுந்த வீடு கிடைக்காவிட்டால் விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோவோம். அப்பா உடன் இருப்பார். கடைசி வரியை அப்பாவே எழுதச் சொன்னார். அண்ணன் அதைப் படித்துவிட்டு, இன்றே ஊசி போட வேண்டும் என்ற பேச்சை விட்டுவிட்டார். அவருக்கு முழு மனநிறைவு என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கும் இல்லை.

வீடு தேடும் அறிவிப்பை எப்படி எழுதுவது என்று அகல்விளக்கு சொன்னால் உதவியாக இருக்கும்.

அகல்விளக்கு:

கடித்தது முதல் வரியில் இருக்க வேண்டும். அன்பான, குறும்புக்கார என்று தொடங்கிக் கடைசியில் சின்ன எழுத்தில் போடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நிழற்படத்தில் பிள்ளைகள் யாரும் இருக்கக் கூடாது. வாய்ப்பூட்டோடு ஒரு படமும் இல்லாமல் ஒரு படமும் போதும். வாய்ப்பூட்டு, நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் அளவில் இருக்க வேண்டும். இந்த வெப்பத்தில் வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை ஆபத்து. முதல் வாரம் மாட்டவே வேண்டாம்; உள்ளே தின்பண்டம் வைத்து, கோப்பி தானே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். அறிவிப்புக்கு ஒரு வரைவு கீழே தருகிறேன், தவறிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

‘கோப்பி, ஏழு வயது, ஆண், கருத்தடை செய்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் கன்னத்தைக் கடித்திருக்கிறது. தையல் போட வேண்டியிருந்தது. அப்போது அதன் கடைவாய்ப்பல் பிளந்து சீழ் வைத்திருந்தது. அந்தப் பல் இப்போது பிடுங்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் வசிக்கும் வீட்டுக்கும், பிள்ளைகள் அடிக்கடி வந்துபோகும் வீட்டுக்கும் கொடுக்க மாட்டோம். முகத்தருகே கை கொண்டுபோவதை விரும்பாது; தூங்கும்போது தொடக் கூடாது. வாய்ப்பூட்டுப் பழக்கம் நடந்துகொண்டிருக்கிறது. காலையும் மாலையும் நீண்ட தூரம் நடப்பவர்களோடு நன்றாகப் பழகும். நேரில் வந்து பார்ப்பவர்கள், முதல் நாளே கொண்டுபோக முடியாது என்பதை அறிந்து வரவும். முன்பு வளர்த்தவர் அவ்வப்போது வந்து பார்க்க விரும்புகிறார். அது உங்கள் விருப்பம்.’

கடைசி வரியை வைப்பதா வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தோள்வரை உயரத்தையும் எடையையும் அளந்து அனுப்பினால், வீவக வீடுகளிலும் தேட முடியுமா என்று பார்க்கிறேன்.